ஆடியா, தையா? களிமண் கொல்லைக்கு ஓராண்டுக் காய்கறித் திட்டம்

வீட்டுத் தோட்டம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது காய்கறிகளின் பெயர்ப் பட்டியலைத்தான். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், ஒரு பந்தல், கொஞ்சம் கீரை என்று எழுதி முடித்ததும் திட்டம் தயாராகிவிட்டதாகத் தோன்றும். அந்தப் பட்டியல் எந்த வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வீடு மாறுபவை மண்ணும், மழைநீர் நிற்கும் இடமும், வெயில் விழும் நேரமும்தான். ஆகவே உண்மையில் முடிவெடுக்க வேண்டியவை எப்போது விதைப்பது, எதன் மேல் விதைப்பது என்னும் இரண்டு கேள்விகளே. வரும் ஆடி முதல் அடுத்த ஆனி வரையிலான ஓராண்டுக்கு எங்கள் கொல்லையை முன்னிறுத்தி இவ்விரண்டையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கொல்லை மன்னார்குடிப் பக்கத்து ஊரொன்றில் இருக்கிறது. கிழக்கு மேற்காக 30 அடி, தெற்கு வடக்காக 20 அடி, ஆக 600 சதுர அடி. சென்ட் கணக்கில் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. வீடு தெற்குப் பார்த்தது என்பதால் கொல்லை வடக்கே அமைந்திருக்கிறது. மண் டெல்டாவுக்கே உரிய களி; கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கிணறு உண்டு, மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் அதன் மட்டமும் ஏறும், பங்குனி சித்திரையில் இறங்கும். இதே அளவு நிலம் கோயம்புத்தூரிலோ திண்டுக்கல்லிலோ இருந்தால் கீழே நான் வந்தடையும் முடிவுகளில் சில தலைகீழாக மாறும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வழிகள்

முதல் வழி, கொல்லை முழுவதையும் ஆடிப்பட்டத்தில் போடுவது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் யோசிக்க எதுவுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தச் சொல் யாருக்கு மிகவும் பொருந்துகிறது என்று பார்த்தால், ஆடி ஆவணியில் விட்டு விட்டுப் பெய்யும் மழையை நம்பி மேட்டுநிலத்தில் விதைக்கிற மானாவாரி உழவருக்குத்தான். அவருக்குத் தண்ணீர் கிடைப்பதே கவலை. எங்களுக்கோ தண்ணீர் வடிவதே கவலை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிற பகுதியில், அந்த மாதங்களில் எந்தச் செடி எந்த வயதில் நிற்கும் என்று எண்ணிப் பார்க்காமல் விதையைத் தொடக்கூடாது.

எண்ணிப் பார்க்கலாம். ஜூலை 20 வாக்கில் கத்தரி விதையை நாற்றங்காலில் தூவினால் 35 நாள் கழித்து, அதாவது ஆகஸ்ட் 24 அளவில் பிடுங்கி நடலாம். நட்டதிலிருந்து முதல் காய் பறிக்க 50 முதல் 60 நாள் ஆகும். கணக்கு அக்டோபர் நடுவில் வந்து நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதும் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான். செடி காய்க்க ஆயத்தமாகும் வாரமும் கொல்லையில் தண்ணீர் கட்டும் வாரமும் ஒன்றாகிவிடுகின்றன. தக்காளிக்கு நாற்று 25 நாளில் கிடைத்துவிடும் என்றாலும் பழம் பறிப்பது ஏறத்தாழ அதே சமயத்தில்தான் வரும். அதற்கு வேரழுகலோடு இலைக்கருகலும் பழவெடிப்பும் சேர்ந்துகொள்ளும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் ஒரு விடியற்காலை கொல்லைக் கதவைத் திறந்தபோது, முதல் பிஞ்சு விட்டிருந்த பதினான்கு கத்தரிச் செடிகளும் கணுக்கால் நீரில் நின்றிருந்தன. அப்போது இலை பசுமையாகத்தான் இருந்தது. தண்ணீர் வடிந்து வெயில் அடித்த மூன்றாம் நாள்தான் செடிகள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரின் தோல் விரலோடு உரிந்து வந்தது.

ஆடியில் எதுவும் ஆகாது என்று இதற்குப் பொருளில்லை. வெண்டை விதைத்த 45ஆம் நாள் காய் தரும். ஜூலை 20இல் ஊன்றினால் செப்டம்பர் முதல் வாரத்தில் பறிக்கத் தொடங்கி, மழை வலுப்பதற்குள் பறிப்பின் பெரும்பகுதியை முடித்துவிடலாம். கொத்தவரையும் அப்படியே. பந்தல் அவரைக்கு ஆடியை விட்டால் வேறு பட்டம் இல்லை என்றே சொல்லலாம். அது பகல் குறுகினால்தான் பூக்கும் இயல்புடையது. ஆடியில் ஊன்றிய கொடி நான்கு மாதம் இலையாகவே படர்ந்து, கார்த்திகை மார்கழிப் பனியில் பூவெடுத்து, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே விதையைத் தையில் ஊன்றிவிட்டு, உரம் போதவில்லையோ என்று சித்திரை வரை கவலைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடியின் மேல் குற்றமில்லை, பகல் நீண்டுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். செடியவரை ரகங்களில் பல இந்தக் கட்டுப்பாடு இல்லாதவை. அவற்றை எந்தப் பட்டத்திலும் போடலாம்.

இரண்டாவது வழி, ஆடியை விட்டுவிட்டு முழுவதையும் தைப்பட்டத்துக்கு ஒதுக்குவது. மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் இதமாக இருக்கும், இரவில் குளிர்ச்சி இருக்கும். கத்தரியும் தக்காளியும் விரும்புகிற நிலை இதுதான். குறை இரண்டு. ஒன்று, ஆடி முதல் மார்கழி வரை ஆறு மாதம் கொல்லை களை வளர்க்கும் இடமாகிவிடும். மற்றொன்று, பலர் தை பிறந்த பிறகுதான் விதையையே தேடத் தொடங்குவார்கள். தை நடுவில் நாற்றுவிட்டால் நடவு மாசிக்குத் தள்ளிப்போகும். தக்காளி பூவெடுக்கும்போது பங்குனி பிறந்துவிடும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கத் தொடங்கினால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். வெண்டையும் பிந்தினால் கோடையில் பெருகும் வெள்ளை ஈ வந்து மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்பிவிட்டுப் போகும். தைப்பட்டம் வெற்றி பெறுவது கார்த்திகையில் போடும் நாற்றைப் பொறுத்தது என்பது என் அனுபவம். கொட்டும் மழையில் தரை நாற்றங்கால் முடியாது. திண்ணையில், சாரல் படாத ஓரத்தில், குழித்தட்டில் போட்டாக வேண்டும்.

மூன்றாவது வழி இரண்டையும் பிரித்துக்கொள்வது. மழைக்கு முன் முடியும் பயிரையும் பந்தலையும் ஆடிக்கு. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் தைக்கு. இடையில் வரும் ஐப்பசி கார்த்திகைக்கு, தண்ணீரோடு சண்டை போடாத பயிர்களை மட்டும் வைப்பது. பொன்னாங்கண்ணி, வல்லாரை, சேம்பு ஆகியவை ஈரத்தில் செழிப்பவை. இவற்றைத் தாழ்ந்த மூலையில் விட்டுவிட்டால் மழைக்காலத்தில் நாம் செய்ய வேண்டியது நத்தை பொறுக்குவது மட்டுமே. என் தேர்வு இந்த மூன்றாவது வழிதான். ஆனால் பாதிப் பாதி அன்று: நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தைக்கு, ஒரு பங்கு ஆடிக்கு. மணற்பாங்கான பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருப்பவர்கள் இந்த விகிதத்தைத் திருப்பிப் போட்டாலும் தவறில்லை; அங்கே பெய்த மழை இறங்கிப் போய்விடும்.

வெயில் எங்கே விழுகிறது

பட்டத்தை முடிவு செய்த பிறகு பாத்தி எங்கே என்ற கேள்விக்கு வரலாம். இதில் பலரும் ஏமாறுவது, ஆனி ஆடியில் நின்று வெயிலைப் பார்த்துவிட்டு ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும் என்று எண்ணிக்கொள்வதால்தான். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பத்தரை டிகிரியில் இருக்கிறது. ஆனியில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்பதால் வீட்டின் நிழல் தெற்கே, வாசல் பக்கம் விழும். கொல்லை முழுவதும் வெயில். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிட, 12 அடி உயரச் சுவரின் நண்பகல் நிழல் ஏறத்தாழ 8 அடி நீளத்துக்குக் கொல்லைக்குள் வந்துவிடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். மாடி எழுப்பிய வீடாக இருந்தால் இரட்டிப்பு.

ஆகவே 20 அடியில் வீட்டை ஒட்டிய 8 அடி, தைப்பட்டத்துக்கான இளஞ்செடிகள் வேர் பிடிக்க வேண்டிய சமயத்தில் நிழலில் கிடக்கும். அந்தப் பட்டையைக் கத்தரிக்குக் கொடுப்பது வீண். அங்கே கறிவேப்பிலை, புதினா, மஞ்சள், சேம்பு, கிணற்றடி நீர் பாயும் பக்கத்தில் வாழை என்று வைத்தால் இடம் வீணாகாது. மீதமுள்ள வடபுறத்து 12 அடிதான் உண்மையான காய்கறி நிலம். 600 சதுர அடி என்று பெருமையாகச் சொன்னது இங்கே 360 ஆகச் சுருங்கிவிட்டது. பந்தலையும் நடைவழியையும் கழித்தால் பயிருக்கென்று நிற்பது அதிலும் பாதிதான். காகிதத்தில் இந்தச் சுருக்கம் மனத்தைச் சோர்வடையச் செய்தாலும், பராமரிக்க முடிகிற அளவும் இதுவே.

தரையா, மேடையா, பையா

தரைப்பாத்தி செலவில்லாதது. கொத்தி, எரு போட்டு, வரப்பு கட்டினால் முடிந்தது. செம்மண்ணிலும், தண்ணீர் அரிதான ஊர்களிலும், நீரைத் தேக்கிப் பிடிக்கிற தாழ்ந்த பாத்திதான் சரியானது. அங்கே மேடை கட்டுவது பாய்ச்சிய நீரை விரைவில் காயவிடுகிற வேலை. களிமண்ணிலோ அந்தத் தாழ்ந்த பாத்தி தொட்டியாக மாறிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். எங்கள் கொல்லையில் காலை ஏழு மணிக்கு இரண்டாம் முறை நிரப்பிய குழியில் மாலை விளக்கேற்றும் நேரத்திலும் நான்கு விரல்கடைத் தண்ணீர் நின்றது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் தரைப்பாத்தி வேண்டாம் என்று முடிவு செய்ய இதற்கு மேல் சான்று தேவையில்லை.

மேட்டுப்பாத்திக்கு மண் வேண்டும். அதை வெளியிலிருந்து வாங்குவதா, உள்ளேயே எடுப்பதா என்பது இதற்குள் ஒரு சிறு தேர்வு. நான் முதலில் வாங்கினேன். வண்டல் என்று சொல்லி ஒரு டிராக்டர் மண் கொட்டிவிட்டுப் போனார்கள். பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்று அருமையாகத்தான் இருந்தது. இருபதாம் நாள் பாத்தி முழுவதும் கோரை முளைத்தது. கோரையை இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் நிற்கும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் வாரத்துக்குள் இரண்டு நிற்கும். அந்த மண்ணுக்குக் கொடுத்த பணத்தைவிட அதைச் சலித்துக் கிழங்கு பொறுக்கியதற்குக் கொடுத்த கூலி அதிகம். இன்றும் மேற்கு மூலையில் மிச்சம் இருக்கிறது. அதனால் இப்போது நடைவழியைத் தோண்டி எடுக்கும் மண்ணையே பாத்தியின் மேல் போடுகிறேன். பாத்தி 3 அடி அகலம், 10 அடி நீளம், முக்கால் அடி உயரம். இடையில் ஒன்றரை அடி நடைவழி. இரு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடு வரை எட்டும் அகலம் அது. பாத்தியின் மேல் கால் வைக்கும் தேவையே வராது. தோண்டிய நடைவழி மழைக்காலத்தில் வாய்க்காலாகத் தண்ணீரை வெளியே கொண்டுபோகும். களியை இளக்க மணல் சேர்க்கச் சொல்வார்கள். அரைகுறையாகச் சேர்த்த மணல் களியோடு இறுகிச் செங்கல் போலாகிவிடும். மட்கிய எருவும், அரைவை மில்லில் கிடைக்கும் உமியைக் கருக்கிச் சேர்ப்பதும், மேலே வைக்கோல் மூடாக்குப் போடுவதும்தான் களியை ஆண்டுக்கு ஆண்டு இளக்குகின்றன. இதில் அவசரம் காட்டிப் பயனில்லை. முதல் ஆண்டு முள்ளங்கி இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்துதான் வரும்.

மூன்றாவதாகப் பை. தென்னை நார்க்கழிவும் மண்ணும் எருவும் கலந்து நிரப்பிய வளர்ப்புப் பைகள் மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வரம். தரை இருப்பவர்களுக்கு அவை அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துச் சாயநீரைக் கொட்டி இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு நாற்றின் இலை நுனியைக் கருக்கும். பையின் மண் பக்கவாட்டிலும் சூடேறும். சித்திரையில் ஒருநாள் ஊருக்குப் போய்வந்தால் செடி துவண்டுவிடும். தரையில் நிற்கும் செடி இரண்டு நாள் பொறுக்கும். வெயிலில் கிடக்கும் பை இரண்டு மூன்று ஆண்டில் நைந்து கிழிந்து, அதையும் குப்பையில் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு வேலையில் பைக்கும் குழித்தட்டுக்கும் நிகரில்லை: கார்த்திகை மழையில் திண்ணைக்கு நகர்த்தி நாற்று வளர்ப்பது. தைப்பட்டமே அந்தத் திண்ணையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், பைக்குச் செலவிடும் தொகையை ஐந்தாறு பையோடும் நான்கு குழித்தட்டோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆக ஆறு மேட்டுப்பாத்திகள். பாத்திக்கு 3 அடி வீதம் பதினெட்டும், இடையில் ஐந்து நடைவழிக்கு ஏழரையும் சேர்ந்து இருபத்தைந்தரை அடி; 30 அடி அகலத்துக்குள் அடங்கி, வடகிழக்கில் மட்கு குழிக்கும் இடம் விடுகிறது.

விதையும் நாற்றும்

நாட்டு விதையா வீரிய ஒட்டு விதையா என்னும் விவாதம் பெரும்பாலும் கொள்கைச் சண்டையாக முடிகிறது. கொல்லைக்கு அதை வேறு விதமாகக் கேட்க வேண்டும். சந்தைக்கு விளைவிப்பவருக்கு எல்லாக் காயும் ஒரே அளவில், ஒரே வாரத்தில் வர வேண்டும். வீட்டுக்கோ வாரம் இரண்டு கறிக்கு மேல் கத்தரிக்காய் வந்தால் அது தொல்லை. முன்னும் பின்னுமாகக் காய்க்கும் நாட்டு ரகத்தின் ‘குறை’ இங்கே வசதியாகிறது. நாட்டு ரகம் என்றால் எந்த ஊர் நாட்டு ரகம் என்றும் பார்க்க வேண்டும். வேலூர் இலவம்பாடி முள்கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது அந்த மண்ணோடு அதற்குள்ள உறவுக்காக. அதைக் கொண்டுவந்து டெல்டாக் களியில் நட்டுவிட்டு அதே ருசியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நெருக்கமான நிலத்தில் விளையும் விதையே முதல் தேர்வு. இரண்டாம் தேர்வாக வேளாண் பல்கலைக்கழக ரகங்கள்: பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பி.எல்.ஆர் கத்தரிகள், பெரியகுளத்தின் பி.கே.எம் 1 தக்காளி போன்றவை. இவை வீரிய ஒட்டு அல்ல. விதை எடுத்து மறுபடி விதைக்கலாம்.

வீரிய ஒட்டுக்கு நான் இடம் தருவது தக்காளியில் மட்டும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக், இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும்படி உருவாக்கப்பட்டது. தக்காளி இங்கே தோற்பதற்கும் பெரும்பாலும் இந்த மூன்றே காரணம். அதன் விதையை எடுத்து அடுத்த ஆண்டு போட்டால் குணம் மாறிவிடும் என்பதால் ஆண்டுதோறும் வாங்க வேண்டும். பத்துச் செடிக்கு அது பெரிய செலவன்று. வெண்டையில் அதே நிறுவனத்தின் அர்கா அனாமிகா மஞ்சள் தேமலைத் தாங்குவதற்காக வந்த ரகம். முழுக் காப்பு என்று நம்பிப் பிந்தி விதைக்காமல், முந்தி விதைப்பதோடு சேர்த்துக்கொண்டால் பயன் தரும். சொந்த விதை எடுப்பவர்கள் தக்காளியிலும் அவரையிலும் தொடங்கலாம். இவை தம்முள்ளேயே மகரந்தம் சேர்பவை. சுரை, பீர்க்கன், புடலை ஆகியவை பூச்சிகள் கொண்டுவரும் மகரந்தத்தைப் பொறுத்தவை. சுரைக்காய் எப்போதாவது கசந்தால், சமைத்தால் சரியாகும் என்று நினைக்காமல் தூக்கி எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்பு நஞ்சு.

நாற்று வாங்குவதா வளர்ப்பதா என்பதற்கு, மிளகாய் ஒன்றை மட்டும் வாங்குவேன் என்பதே என் விடை. அதற்கு 40 நாள் திண்ணையில் இடம் கொடுக்க என்னால் ஆவதில்லை.

நின்று காய்ப்பவை

முருங்கையும் வாழையும் ஆண்டுத் திட்டத்துக்குள் அடங்காதவை; இடத்தைப் பிடித்தால் விடாதவை. இங்கே புயலையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தபோது தென்னையே சாய்ந்த மாவட்டங்களில், முருங்கை நின்றிருக்க வழியில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி உயரமாக வளரும் மரமுருங்கையை வைப்பதைவிட, பெரியகுளம் பி.கே.எம் 1 செடிமுருங்கையை விதை ஊன்றி வளர்த்து, மார்பளவில் கிள்ளிக் கிளைக்கவிட்டு, காய்ப்பு முடிந்ததும் வெட்டி மறுபடி துளிர்க்க வைப்பது இவ்வூருக்குத் தக்கது. ஆறு மாதத்தில் பூக்கத் தொடங்கும். தண்ணீர் கட்டினால் அதுவும் செத்துவிடும் என்பதால் அதற்கும் ஒரு மேடு வேண்டும்.

பந்தலிலும் இதே யோசனைதான். தலைக்கு மேல் விரியும் கிடைப்பந்தல் அவரைக்கும் புடலைக்கும் வசதி; புடலங்காய் நேராகத் தொங்க அதுவே வேண்டும். வேலியோரம் நிறுத்தும் செங்குத்துப் படல் இடத்தைச் சேமிக்கும், ஆனால் கார்த்திகைக் காற்றில் இலை அடர்ந்த கொடி பாய்மரம் போலாகி மூங்கிலோடு சாயும். வட எல்லையில் ஆறடி உயரத்தில், நாலடி அகலத்தில் ஒரு கிடைப்பந்தலைத் தேர்ந்தெடுக்கிறேன். வட எல்லை என்பதால் மார்கழியில் அதன் நிழல் வேலிக்கு அப்பால் போகும். ஆடியில் பாத்தி முனைகளின் மேல் ஓரிரு அடி விழுவதை வெண்டை பொறுத்துக்கொள்ளும்.

தண்ணீர்க் கணக்கு

இதில் சொல்ல அதிகமில்லை. ஆறு பாத்தியும் சேர்ந்து 180 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 16.7 சதுர மீட்டர். கோடையில் காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தால் 84 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஆறு குடம். சொட்டுக்குழாய் போடலாம்; ஆறு பாத்திக்கு அது வசதியே தவிரக் கட்டாயமில்லை. கிணற்றில் பங்குனியில் அரைமணி நேரம் மோட்டார் ஓடினாலே இந்த அளவு கிடைத்துவிடும் என்றால், அந்தப் பணத்தை மூடாக்குக்கான வைக்கோலிலும் நல்ல வேலியிலும் போடுவது மேல். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் புதிதாக விதைத்த கீரைப்பாத்தியைப் போல விருப்பமான இடம் வேறில்லை.

வரும் ஆண்டு

ஆடி முதல் வாரத்தில் கிழக்கிலுள்ள இரண்டு பாத்திகளில் ஒன்றில் வெண்டை, மற்றொன்றில் கொத்தவரை; பந்தலின் ஒரு முனையில் அவரை, மறு முனையில் பீர்க்கன். மற்ற நான்கு பாத்திகளில் ஆடியில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து, 45ஆம் நாள் பூவெடுக்கும்போது வெட்டி அங்கேயே மூடாக்காகப் போட்டு மட்கவிடுவேன். ஆறு மாதம் களை வளரும் என்று மேலே சொன்ன குறைக்கு இதுவே மாற்று. புரட்டாசி கடைசியில் வெண்டையை எடுத்துவிட்டு அந்தப் பாத்தியில் சிறுகீரை தூவினால், பெருமழைக்கு முன் ஒரு பறிப்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் நட்டம் விதையின் விலை மட்டுமே. கார்த்திகை நடுவில் திண்ணைக் குழித்தட்டுகளில் தக்காளியும் கத்தரியும். மார்கழி இரண்டாம் வாரத்தில் தக்காளி நடவு, கடைசி வாரத்தில் கத்தரியும் வாங்கிய மிளகாய் நாற்றும். இவை மூன்றும் ஒரே குடும்பம், மண்வழி வரும் நோய்களும் பெரும்பாலும் பொது என்பதால் மேற்கிலுள்ள அடுத்தடுத்த மூன்று பாத்திகளில் சேர்ந்தே வைத்து, அதற்கடுத்த ஆண்டு மூன்றையும் ஒன்றாகக் கிழக்குக்கு மாற்றிவிடலாம். பிரித்து வைத்தால் எந்தப் பாத்தியில் எது இருந்தது என்று மறந்துவிடுகிறது. தை பிறந்ததும் ஒரு பாத்தியில் வெண்டை, ஒன்றில் செடியவரை, ஒன்றில் முள்ளங்கியும் கீரையும். மாசியில் அவரை ஓய்ந்ததும் பந்தலுக்குப் பாகல். சித்திரை முழுவதும் புதிதாக எதையும் விதைக்காமல் கத்தரியை மட்டும் பார்த்துக்கொண்டு, வைகாசியில் அதை முழங்காலளவுக்கு வெட்டி எரு வைத்தால் மறுதாம்பில் ஒரு காய்ப்பு வரும். புரட்டாசி வரை ஓடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பாத்தி வெட்டும் வேலை இருக்கிறது. அது ஆனியில் வரும் முதல் நல்ல மழையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது. காய்ந்த களியில் மண்வெட்டி துள்ளும்; நனைந்த களி மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு, வெட்டிய கட்டி காய்ந்ததும் கல்லாகும். மழை நின்ற மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பேன். உடையாமல் சப்பென்று விழுந்தால் இன்னும் ஒருநாள். உதிர்ந்தால் அன்றைக்கே ஆள் கூப்பிட வேண்டும். அடுத்த இரண்டு வெயிலில் அது மறுபடி இறுகிவிடும்.